பிடி அரிசியும் கம்ப்யூட்டர் ஹாக்கியும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ‘பிள்ளைகள் நடத்தும் ஹாக்கி லீக்குக்கு மெயின்டனன்ஸ் நிதியிலிருந்து பணம் தரலாமா?’ என்ற பொருள் விவாதத்துக்கு வந்தபோது குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. அன்று வர முடியாத சிலர் கேட்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)

லிஃப்ட் ரிப்பேர், தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் டீசல் என்று மூன்று பெரிய விஷயங்களைப் பேசி முடித்துவிட்டு நாலாவதாக விளையாட்டுக்கு வந்திருக்கிறோம். பாதிப் பேருக்கு எழுந்து போகலாமா என்றிருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். செயலாளர் அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இது என்ன விளையாட்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன கூட்டத்தில் ஒரு அக்கா, “எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறதுகளுக்கு நாம வேற காசு கொடுக்கணுமா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்த விளையாட்டில் விரலுக்கு வேலையே இல்லை. துப்பாக்கி கிடையாது, ஓட்டம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு ஹாக்கி அணி இருக்கும், பதினெட்டு கற்பனை வீரர்கள். ஒருத்தன் வேகமாக ஓடுவான், ஒருத்தன் பெனால்டி கார்னர் அடிப்பான், ஒருத்தனுக்கு வயசாகிவிட்டது. எல்லாம் எண்களாக இருக்கும். இந்த வாரம் யாருக்கு எந்தப் பயிற்சி, யாரை உட்கார வைப்பது, யாரை வேறு அணிக்குக் கொடுப்பது என்று பிள்ளை முடிவு செய்து வைக்க வேண்டும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஆட்டத்தை நடத்தி முடிவைச் சொல்லும். அதுவரை காத்திருப்பதுதான் விளையாட்டு. மானாவாரி வெள்ளாமை மாதிரி. விதைத்த பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது. இந்தியாவுக்கு வெண்கலம். அதைப் பார்த்துவிட்டு வந்த சூட்டில் நம்ம பிள்ளைகள் எட்டு அணிகளோடு இதை ஆரம்பித்தார்கள். இப்போது உலகக் கோப்பையில் இருந்தது போலவே இருபத்து நாலு அணிகள். நிரலை எழுதியவன் நம் குடியிருப்பில் உள்ள இன்ஜினியரிங் மாணவன். அவனுடைய லேப்டாப்பில்தான் இத்தனையும் ஓடுகிறது. அவன் ஊருக்குப் போனால் லீக்குக்கு விடுமுறை.

கிரிக்கெட்டுக்கும் ஃபுட்பாலுக்கும் இந்த மாதிரி மானேஜர் விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. ஹாக்கிக்கு நல்லதாக ஒன்று கிடைக்குமா என்று நானும் தேடித் தேடிச் சலித்துவிட்டேன். பணம் புரளாத ஆட்டத்துக்குக் கம்பெனிக்காரன் ஏன் செய்யப் போகிறான்? ஆனால் நமக்கு ஹாக்கி அப்படி இல்லையே. கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் பயிற்சி பெற்ற நம்மூர் மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் ஆடி வெண்கலம் வாங்கி வந்தபோது நாம் என்ன பாடு படுத்தினோம்! மே மாதம் கிருஷ்ணா நகர் மைதானத்தில் லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிப் போட்டி நடந்தால், ஊரே சாயங்காலம் அங்கேதான். இந்த ஊர்ப் பிள்ளைகள் இப்படி ஒன்றைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

சரி, பணத்துக்கு வருகிறேன். லேப்டாப்பை விட்டுவிட்டு ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தால் மாசம் அறுநூறு ரூபாய் ஆகும். இணைய முகவரிக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் போல ஆகும். ஆக வருஷத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம். இதற்கு மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. சங்க நிதியிலிருந்து கொடுப்பது ஒன்று. ஒரு கடைக்காரரை ஸ்பான்சராகப் பிடிப்பது இன்னொன்று. பிள்ளைகளே சொன்னது மூன்றாவது: அணிக்கு நூறு ரூபாய் நுழைவுக் கட்டணம், அதில் ஜெயித்தவருக்கு ஆயிரம் ரூபாய் பரிசு, மிச்சம் சர்வருக்கு.

மூன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்தேன். லீக் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள்.

கடைசி யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் ஆபத்து. பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெருவில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடத்துகிற முறைதான் இது. ஆனால் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பணம் கட்டி, அதற்குப் பதில் பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு ஆடினால் அது ‘பண விளையாட்டு’. திறமையால் ஜெயித்தாயா, அதிர்ஷ்டத்தால் ஜெயித்தாயா என்று சட்டம் பார்ப்பதில்லை. அப்படி ஒன்றை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். முறைப்படி பதிவு செய்த இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளுக்குத் தனி வழி இருக்கிறது. இருபத்து நாலு பிள்ளைகளுக்காக நாம் அந்த வழியில் போக வேண்டியதில்லை. நான் வக்கீல் இல்லை. நம் நாலாவது மாடி வக்கீல் சார் இதோ உட்கார்ந்திருக்கிறார், தப்பாகச் சொன்னால் திருத்துவார். அதே சட்டம், பந்தயம் இல்லாத சமூக விளையாட்டுக்குச் சந்தா வாங்கலாம் என்றும் சொல்கிறது. கோடு எங்கே இருக்கிறது என்றால், கொடுத்த காசு திரும்பி வரும் என்ற ஆசை எங்கே தொடங்குகிறதோ அங்கே.

இந்தச் சட்டம் வந்த கையோடு டிரீம் 11 தன் பணப் போட்டிகளை நிறுத்தியது. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த பெயரும் அதுதான். அடுத்த மாதமே ஆசியக் கோப்பை. இந்திய அணி ஸ்பான்சர் பெயர் இல்லாத சட்டையோடு ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பான்சர் யோசனைக்கு என் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவு திறக்கும், திறந்தது. நமக்கு ஒரு கடைக்காரர் விலகினால் அன்றோடு சர்வர் நின்றுவிடும். அது போக, அவர் பையன் அணி தோற்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

சங்க நிதியைப் பற்றிப் பொருளாளர் அண்ணாச்சி தாராள மனசோடுதான் சொன்னார். வருஷம் எட்டாயிரம் நமக்குப் பெரிய தொகை இல்லை. ஆனால் அடுத்த வருஷம் கமிட்டி மாறும். மோட்டார் எரிந்துபோகும். அப்போது பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவது இதுதான். இன்னொரு சங்கடமும் உண்டு. விளையாட்டில் ஆர்வமே இல்லாத ஒரு பெரியவர், தன்னிடம் கேட்காமலே தன் காசு இதற்குப் போகிறது என்று நினைத்தால் அவர் நினைப்பதில் தப்பில்லை.

உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு வெளிச்சம் கிடைக்கும். இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் மூத்தது என்று ‘ஹாட்ரிக்’கைச் சொல்லலாம். 1997-இல் சுவீடனில் தொடங்கிய ஃபுட்பால் மானேஜர் விளையாட்டு. ஒரு பிரிவில் எட்டு அணிகள், வாரக் கடைசியில் ஒரு லீக் ஆட்டம், ஒரு சீசனுக்குப் பதினாறு வாரம். நான் காலேஜில் படிக்கும்போது சேர்ந்தேன், அந்த மெதுவான ஓட்டம்தான் என்னைப் பிடித்து வைத்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக ஆடலாம். விருப்பப்பட்டவர்கள் ‘சப்போர்ட்டர்’ என்று காசு கட்டலாம். அவர்களுக்குப் புள்ளிவிவரம் கூடுதலாகக் கிடைக்கும், அணிக்குக் கொடி, சின்னம் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கோல் கூடுதலாகக் கிடைக்காது. காசு கட்டியவனும் கட்டாதவனும் மைதானத்தில் ஒன்று. இந்த ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டு கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. விளையாட்டைப் பல மொழிகளுக்குக் கொண்டு போனதும், கள்ளத்தனம் செய்பவர்களைப் பிடிப்பதும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்கள்தான்.

இன்னொன்று செஸ். நம்ம பிள்ளைகள் பாதிப் பேர் ‘லீசெஸ்’ஸில் ஆடுகிறார்கள், அது யார் காசில் ஓடுகிறது என்று யோசித்திருக்க மாட்டார்கள். 2010-இல் பிரான்சு நாட்டு நிரலாளர் ஒருவர் தொடங்கியது, இப்போது லாப நோக்கம் இல்லாத சங்கமாக, நம்ம சங்கம் மாதிரிதான், பதிவு செய்து நடத்துகிறார்கள். விளம்பரம் கிடையாது. எல்லா வசதியும் எல்லோருக்கும் இலவசம். நன்கொடை கொடுத்தவருக்குப் பெயர் பக்கத்தில் ஒரு சின்னச் சிறகு வரும், அவ்வளவுதான். ஆனால் சர்வருக்கு எவ்வளவு, வேலை செய்பவருக்கு எவ்வளவு என்று செலவுக் கணக்கை ஊரறியப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் ஒருவர் ‘பேஸ்கட்பால் ஜிஎம்’ என்று ஒன்று செய்தார். அதில் கணக்கெல்லாம் ஆடுபவரின் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. அதனால் சர்வர் செலவு மிகக் குறைவு, சில விளம்பரங்களே போதும். நம்ம பையன் இதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. செலவுக்குப் பணம் தேடுவதற்கு முன்னால் செலவைக் குறைக்க முடியுமா என்று பார்க்கலாம்.

நம் பக்கத்திலும் இருக்கிறது. சென்னையின் நெக்ஸ்ட்வேவ் செய்த ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ உங்களில் பல பேர் போனிலேயே இருக்கும். ஹைதராபாத்தின் ‘ஹிட்விக்கெட்’ இணையதளத்தில் மானேஜர் விளையாட்டாகத் தொடங்கிப் பிறகு மொபைலுக்கு வந்தது. 2020-இல் மத்திய அரசு நடத்திய ஆத்மநிர்பர் செயலிப் போட்டியில் இரண்டும் பரிசு பெற்றன. இறக்கிக்கொள்வது இலவசம், உள்ளே விளம்பரமும் விற்பனையும் உண்டு. சம்பளம் கொடுத்து ஆள் வைத்து நடத்தும் கம்பெனிக்கு அது தேவைதான். நமக்குச் சம்பளமும் இல்லை, முதலீட்டாளரும் இல்லை. அதனால் அவர்கள் வழியில் நாம் போக வேண்டிய கட்டாயமும் இல்லை.

இப்போது என் சொந்தக் கதை. 2011-இல் நாங்கள் நாலு நண்பர்கள் சேர்ந்து இதே மாதிரி ஒரு கிரிக்கெட் லீக்கை நடத்தினோம். அறுபது அணிகளுக்கு மேல் சேர்ந்தார்கள். கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம், அப்புறம் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்த நம்ம ஊர்ப் பையன்கள். மூன்று வருஷம் நன்றாக ஓடியது. சர்வர் காசை எங்களில் ஒருவன் தன் கார்டில் கட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் கேட்டால், “விடுடா, டீக் காசுதானே” என்பான். அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போனான். பழைய கார்டு காலாவதியானது. நினைவூட்டல் எல்லாம் அவன் பார்க்காத பழைய ஈமெயிலுக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்ட நாள், தளத்தைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. பாஸ்வேர்டு அவனிடம் மட்டும்தான் இருந்தது. அவனைப் பிடிப்பதற்குள் சர்வரில் இருந்ததை அழித்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு பிரதிகூட இல்லை. மூன்று வருஷ ஸ்கோர், அறுபது பேருடைய அணிகள், எல்லாம் போனது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருஷம் அவன் ஒருத்தன்தானே கொடுத்தான்.

அந்த லீக்கில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த ஒரு அண்ணன் இருந்தார். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வேலை முடிந்து பிரவுசிங் சென்டருக்கு வந்து, அரை மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து, தன் அணியைச் சரிபண்ணி வைத்துவிட்டுப் போவார். இரண்டு முறை கோப்பை வாங்கியவர். லீக் போன பிறகு, பஸ் ஸ்டாண்டில் எங்கே பார்த்தாலும் “தம்பி, நம்ம லீக் எப்ப திரும்ப வரும்?” என்று கேட்பார். ரெண்டு வருஷம் கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

ஏன் என்றால், பிரவுசிங் சென்டருக்குத் தினம் பத்து ரூபாய் கொடுத்தவர், நாங்கள் கேட்டிருந்தால் எங்களுக்கு மாசம் பத்து ரூபாய் கொடுத்திருக்க மாட்டாரா? நாங்கள் கேட்கவே இல்லை. இலவசம் என்று சொல்லிவிட்டு எப்படிக் காசு கேட்பது என்று கூச்சம். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தோம். இப்போது யோசித்தால், கேட்காததுதான் அவருக்குச் செய்த மரியாதைக் குறைவு. அது அவருடைய லீக்கும்தான். அதைக் காப்பாற்ற அவருக்கு ஒரு வாய்ப்புக்கூட நாங்கள் கொடுக்கவில்லை.

இதற்கு வழி சுவீடனில் போய்த் தேட வேண்டியதில்லை. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் விருதுநகர். காமராஜர் படித்த ஷத்திரிய வித்யாசாலா பள்ளியைப் பிடி அரிசியில் வளர்த்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சமையலுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைப்பது. வியாபாரிகளானால் விற்கிற சரக்கில் இவ்வளவு என்று மகமை. பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது இலவசம். ஆனால் யாரோ ஒரு பணக்காரர் போட்ட பிச்சை இல்லை, ஊரில் அடுப்பு எரிகிற வீடெல்லாம் சேர்ந்து கொடுத்தது. மழை பொய்த்தால் வெள்ளாமை இல்லாத கரிசல் சீமையில், பெரிய தொகையை நம்பி யாரும் எதையும் தொடங்கவில்லை. ஒரு பிடியை நம்பினார்கள். ஒரு வீடு ஒரு மாசம் கொடுக்காவிட்டாலும் பானை காலியாகாது.

நம்மிடம் எழுபத்திரண்டு வீடு. பாதி வீடு மாசம் இருபது ரூபாய் கொடுத்தால் எழுநூற்று இருபது. சர்வருக்குப் போதும், மிச்சத்தில் முகவரிக்கான காசும் சேர்ந்துவிடும். யாரும் வீடு வீடாக வந்து கேட்க மாட்டார்கள். கேட்டைத் தாண்டி உள்ளே வரும்போது நோட்டீஸ் போர்டில் ஒரு கியூஆர் கோடு இருக்கும், செக்யூரிட்டி மேஜையில் ஒரு டப்பா இருக்கும். கொடுத்தவர் பெயர் மட்டும் போர்டில் வரும், தொகை வராது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தொகையைப் போட்டால் அடுத்த மாசமே போட்டி ஆரம்பித்துவிடும், நமக்குத் தெரியாதா? கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டத்தில் ஒரு சலுகையும் கிடையாது. கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது. பரிசுப் பணம் கிடையாது. ஜெயித்தவருக்கு ஒரு பாக்கெட் கடலை மிட்டாய், அதை என் செலவில் கொடுத்துவிடுகிறேன். வக்கீல் சார் தலையை ஆட்டுகிறார், சரிதான் போல.

வரவு செலவு மாசா மாசம் ஒரே தாளில் போர்டில் ஒட்ட வேண்டும். ஒட்டாத மாசம் யாரும் கொடுக்க வேண்டாம். பாஸ்வேர்டு மூன்று பேரிடம் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெரியவராக இருக்கட்டும். பிள்ளைகள் பரீட்சை, காலேஜ், வேலை என்று போய்க்கொண்டே இருப்பார்கள். மாசத்துக்கு ஒருமுறை எல்லா விவரத்தையும் பிரதி எடுத்து, லீக்கில் இருக்கிற எல்லோரும் தரவிறக்கிக்கொள்ளும்படி வைக்க வேண்டும். நாங்கள் இதைச் செய்திருந்தால் அந்த அண்ணனுடைய இரண்டு கோப்பையாவது மிஞ்சியிருக்கும்.

இன்னொரு செலவு இருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சண்டை தீர்க்கிற நேரம். ஒருத்தன் தம்பி பெயரில் இன்னொரு அணி வைத்து, தன் நல்ல வீரனை அங்கிருந்து சும்மா வாங்கிக்கொள்வான். எங்கள் லீக்கில் ஒரு அப்பாவே இதைச் செய்தார், பையனுக்குத் தெரியாமல். இதையெல்லாம் இப்போது அந்த இன்ஜினியரிங் பையன் ஒருத்தனே ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து தீர்க்கிறான். சர்வருக்குக் காசு கிடைத்து, அவன் சலித்துப்போனால் லீக் அன்றைக்கே முடிந்தது. ஆகவே மாசத்துக்கு இரண்டு பேர் என்று முறை வைத்துப் பார்க்க வேண்டும். அதில் பெரியவர்களும் சேர வேண்டும். முதல் மாசம் நான் பெயர் கொடுக்கிறேன். போன கூட்டத்தில் கேள்வி கேட்ட அக்காவும் பெயர் கொடுத்தால் எனக்குச் சந்தோஷம். அவர்கள் தீர்ப்புக்கு எந்தப் பிள்ளையும் எதிர்த்துப் பேசாது.

கடைசியாக ஒரு அனுமதி. அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் அண்ணனைப் போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தேன். இப்போது கையில் போன் இருக்கிறது, பிரவுசிங் சென்டர் வேண்டாம். ஹாக்கி லீக் பற்றிச் சொன்னேன். “எனக்கு ஒரு டீம் கிடைக்குமா தம்பி?” என்று கேட்டார். பிள்ளைகளிடம் கேட்டேன், இருபத்தைந்தாவது அணியாகச் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். ஆனால் அவர் நம் குடியிருப்பில் இல்லாதவர். லீக் சங்கத்தின் பெயரில் நடப்பதால் வெளியாளைச் சேர்க்கலாமா என்பதைக் கூட்டம்தான் சொல்ல வேண்டும். இருபது ரூபாயை அவர் என்னிடம் அப்போதே கொடுத்துவிட்டார். கவரில் போட்டுக் கொண்டு வந்திருக்கிறேன், பொருளாளர் அண்ணாச்சியிடம் கொடுப்பதா, திருப்பிக் கொடுப்பதா என்று சொல்லிவிடுங்கள்.